காலையில் சந்தோஷம், மாலையில் சங்கடம்: ஏஐ விஷயத்தில் நமக்கு ஏன் இரண்டு மனது?

எனக்கு வந்த கேள்வி இதுதான்: "ஏழு வருடமாக ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் வேலை செய்கிறேன். டீமில் ஒன்பது பேர். ஏஐ வந்ததிலிருந்து இரண்டு பேர் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், இரண்டு பேர் தொடவே மாட்டேன் என்கிறார்கள். எனக்கோ ஒரே நாளில் இரண்டும் தோன்றுகிறது. காலையில் சந்தோஷமாக இருக்கிறது, மாலையில் ஏதோ பறிபோன மாதிரி இருக்கிறது. இது என் குறையா? இதற்கு நடுவில், வாரா வாரம் எத்தனை சதவீத கோடை ஏஐ எழுதியது என்று கணக்குக் கேட்கிறார் மேனேஜர். என்ன சொல்வது?"

உங்கள் குறை இல்லை. நான் பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், பாதிக்கு மேல் பணப் பரிவர்த்தனை சிஸ்டங்களில். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் என்னை நானே கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. கோட் எழுதுவது என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவந்ததில் இரண்டு வேலை இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்ததைத் தட்டச்சு செய்வது ஒன்று. எழுதி எழுதித்தான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது இன்னொன்று. முதல் வேலையை ஏஐ வாங்கிக்கொள்ளும்போது நிம்மதியாக இருக்கிறது. இரண்டாவதும் சேர்ந்து கையைவிட்டுப் போகும்போதுதான் நீங்கள் சொல்லும் அந்தப் பறிபோன உணர்வு வருகிறது.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு பழைய ஆரக்கிள் ஸ்டோர்ட் புரொசீஜர், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் புரோகிராம், என் கைக்கு வந்தது. ஆயிரத்து நானூறு வரி. தவணை தவறிய கடன்களுக்கு அபராத வட்டி கணக்குப் போடுவது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருடம் இருக்கும். ஒரு கமெண்ட் கிடையாது. வேரியபிள் பெயர்கள் வி1, வி2, டெம்ப்3 என்று போகும். முன்பெல்லாம் இப்படி ஒன்று வந்தால் பிரிண்ட் எடுத்து, ஸ்கெட்ச் பேனாவோடு மூன்று நாள் உட்கார வேண்டும். இந்தத் தடவை பகுதி பகுதியாக ஏஐயிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கேட்டேன். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னது. பிப்ரவரி மாதத்துக்கென்று தனியாக இருந்த ஒரு இஃப் கண்டிஷனைக் கவனிக்கவே இல்லை. மற்றதெல்லாம் சரி. மதியச் சாப்பாட்டுக்கு முன் முழுப் படமும் என் நோட்டில் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது உண்மையான சந்தோஷம். கேட்டது நான், சரிபார்த்தது நான், கடைசியில் புரிதல் வந்து சேர்ந்ததும் என் தலைக்குள்தான்.

அதே மாதிரி செட்டிங்ஸ் எழுதும் யாமல் ஃபைல், எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு நாற்பது ஃபீல்டை மாற்றி நிரப்புவது. இதையெல்லாம் கையால் எழுதி யாரும் அறிவாளி ஆனதில்லை. போகட்டும்.

இந்த இரண்டு மனது உங்கள் டீமில் மட்டும் இல்லை. புரோகிராமர்கள் கேள்வி பதிலுக்குப் போகும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் வருடா வருடம் நடத்தும் சர்வேயில் 2025ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 49,000 பேர் பதில் சொன்னார்கள். ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறோம், அல்லது பயன்படுத்தப் போகிறோம் என்றவர்கள் 84 சதவீதம். முந்தைய வருடம் அது 76. ஆனால் அந்தக் கருவிகள் தரும் பதில் துல்லியமானது என்று நம்புகிறவர்கள் 33 சதவீதம்தான், நம்பாதவர்கள் 46. 2023லும் 2024லும் எழுபதுக்கு மேல் இருந்த நல்லெண்ணம் 2025ல் 60க்கு இறங்கிவிட்டது. பயன்பாடு ஏறுகிறது, நம்பிக்கை இறங்குகிறது. என்ன எரிச்சல் என்று கேட்டதற்கு 66 சதவீதம் பேர் சொன்ன பதில்: கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது, ஆனால் முழுக்கச் சரியாக இல்லை. இந்தக் 'கிட்டத்தட்ட' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேகம் விஷயத்திலும் இப்படித்தான். கோட் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் 2022ல் எல்லோருக்கும் வந்தது. அதை வைத்து நடந்த ஒரு சோதனையில் 95 டெவலப்பர்களிடம் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வர், அதாவது இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் புரோகிராம், எழுதச் சொன்னார்கள். கோபைலட் இருந்தவர்கள் சராசரியாக 71 நிமிடத்தில் முடித்தார்கள், இல்லாதவர்களுக்கு 161 நிமிடம் ஆனது. பாதிக்கும் குறைவான நேரம். மேனேஜர்கள் பிரசன்டேஷனில் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான்.

அடுத்து 2025 ஜூலையில் அமெரிக்காவில் பெர்க்லியிலிருந்து இயங்கும் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அதில் இருந்தவர்கள் 16 பேர். எல்லோரும் கோடை யாரும் பார்க்கக்கூடிய பெரிய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்களில் பல வருடம் வேலை செய்தவர்கள். தங்கள் சொந்த புராஜெக்டில், உண்மையாகவே செய்ய வேண்டியிருந்த 246 வேலைகளைச் செய்தார்கள். சில வேலைக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. எது எதற்கு என்று குலுக்கல் முறையில் முடிவானது. ஏஐ இருந்தால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று தொடங்கும் முன் கணித்தார்கள். முடித்த பிறகு, 20 சதவீதம் மிச்சமானது என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்தால், ஏஐயோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது.

முதல் தடவை படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு சோதனைக்கும் முரண்பாடே இல்லை. எச்டிடிபி சர்வர் எப்படி எழுதுவது என்பது இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. அது ஊருக்கெல்லாம் தெரிந்த அறிவு, ஏஐக்கும் தெரியும். ஐந்து வருடமாக ஒருவர் பராமரிக்கும் புராஜெக்டில் எதைத் தொட்டால் எது உடையும் என்பது அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அதை ஏஐக்கு விளக்கி, அது தந்ததைப் படித்து, திருத்தி, மறுபடி கேட்கும் நேரத்தில் அவரே எழுதியிருக்கலாம். அப்புறம் ஏன் வேகமாகச் செய்ததாகத் தோன்றியது? மூளைக்கு வேலை குறைந்திருக்கிறது. சிரமம் குறைந்ததை நேரம் குறைந்ததாக மனசு எடுத்துக்கொண்டுவிட்டது என்பது என் கணிப்பு. இது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்து நடந்த சோதனை, ஆட்களும் குறைவு. அதன் பிறகு கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. அதனால் அந்த 19ஐப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் நம் வேகத்தைப் பற்றிய நம் உணர்வை நம்ப முடியாது என்ற பகுதி மட்டும் எனக்கு முக்கியம்.

தலைக்குள் இருக்கும் அறிவு என்று சொன்னேனே, அதைப் பற்றி பீட்டர் நௌர் என்ற டென்மார்க் கணினி அறிஞர் 1985லேயே எழுதியிருக்கிறார். புரோகிராம் என்பது வெறும் வரிகள் கிடையாது. அதை உருவாக்கியவர்கள் மனதில் இருக்கும் ஒரு கோட்பாடுதான் உண்மையான புரோகிராம் என்பது அவர் கருத்து. அந்தக் கோட்பாட்டை வைத்திருக்கும் ஆட்கள் கலைந்துவிட்டால் வரிகள் அப்படியே இருந்தாலும் புரோகிராம் செத்துவிட்டது என்கிறார். அவர் காலத்தில் ஆட்கள் விலகிப் போனால்தான் அப்படி நடக்கும். இன்றைக்கு ஆட்கள் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், கோட்பாடு மட்டும் யார் மனதிலும் உருவாகாமல் போகிறது.

எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமான ஒரு பெண். கெட்டிக்காரி. பணத்தை எடுத்துத் தரும் பேமெண்ட் கேட்வேக்குக் கோரிக்கை அனுப்பி, ஐந்து விநாடியில் பதில் வராவிட்டால் மூன்று தடவை வரை மறுபடி முயலும் கோடை ஏஐ உதவியோடு எழுதி ரிவ்யூவுக்கு, அதாவது மற்றவர்கள் படித்துச் சரிபார்க்க, போட்டிருந்தாள். பார்க்க அவ்வளவு அழகு. பெயர்கள் தெளிவு, ஒவ்வொரு மெத்தடுக்கும் விளக்கம், கோடைச் சோதிக்கும் பதினோரு டெஸ்ட், பதினொன்றும் பச்சை, அதாவது பாஸ். எனக்கு முன்னால் ஒருவர் பார்த்து அப்ரூவ் செய்தும் விட்டார்.

ஒரே ஒரு வரி என் கண்ணில் உறுத்தியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி அடையாள எண் உருவாக்கி அனுப்புவோம் இல்லையா, அந்த எண்ணை உருவாக்கும் வரி, ஒவ்வொரு முயற்சிக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு உள்ளே இருந்தது. வெளியே இருந்திருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் போகும். கேட்வே பணத்தை எடுத்துவிட்டு, பதில் சொல்ல மட்டும் ஆறு விநாடி ஆக்கினால் என்ன ஆகும்? நாம் மறுபடி அனுப்புவோம். எண் வேறு என்பதால் அதைப் புதுப் பரிவர்த்தனை என்று நினைத்து இன்னொரு தடவை பணத்தை எடுக்கும். ஒரே மின்கட்டணத்துக்கு ஒருவர் கணக்கிலிருந்து இரண்டு தடவை, மூன்று தடவை பணம் போகும். டெஸ்ட்கள் ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தால், அவற்றையும் ஏஐதான் எழுதியிருந்தது. அதில் இருந்த போலி கேட்வே உடனே சரி என்று சொல்லும், அல்லது உடனே தப்பு என்று சொல்லும். பணத்தை எடுத்துவிட்டுத் தாமதமாகப் பதில் சொல்லும் கேட்வே அந்தப் பதினோரு டெஸ்டிலும் இல்லை.

"இந்த எண் ஏம்மா லூப்புக்குள்ள இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தாள். "அதுவா போட்டுச்சுண்ணா. நான் யோசிக்கல."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் என் இரண்டாவது வருடத்தில் இதே தப்பைச் செய்தவன்தான். ஆனால் அதை நானே எழுதினேன், அதனால் அது உடைந்தபோது எங்கே உடைந்தது என்று எனக்குத் தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு லாக் ஃபைலில் ஒரே தொகைக்கு இரண்டு எண்களைப் பார்த்த அந்த நிமிடம் இன்றைக்கும் மறக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து இந்த வரி என் கண்ணில் உறுத்தியதற்கு அந்த ராத்திரிதான் காரணம். அவளுக்கு அப்படி ஒரு ராத்திரி கிடைக்க வழியில்லாமல் போகிறதே என்பதுதான் என் கவலை.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். முன்பெல்லாம் மோசமான கோட், பார்க்கவும் மோசமாக இருக்கும். இன்டென்டேஷன் கோணலாக இருக்கும், பெயர்கள் குழப்பமாக இருக்கும். அவசரத்தில் எழுதியது என்று பார்த்தவுடனே தெரியும், அங்கே கூடுதல் கவனம் வைப்போம். இத்தனை வருட ரிவ்யூ பழக்கம் முழுக்க இந்த அடையாளங்களை நம்பித்தான் இருந்தது. ஏஐ எழுதும் கோட் சரியோ தப்போ எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வருகிறது. முன்னால் அப்ரூவ் செய்தவர் சோம்பேறி இல்லை. அவர் தேடிய அடையாளம் அங்கே இல்லை, அவ்வளவுதான். 'கிட்டத்தட்ட சரி' ஏன் முழுத் தப்பைவிட எரிச்சலூட்டுகிறது என்பதற்கும் இதுதான் காரணம். முழுத் தப்பு கம்பைல் ஆகாது, அல்லது முதல் டெஸ்டிலேயே விழுந்துவிடும். கிட்டத்தட்ட சரியாக இருப்பதை வரிக்கு வரி படித்தால்தான் பிடிக்க முடியும்.

அந்தப் படிப்புதான் மாலையில் வரும் சோர்வு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டி, கடைசியில் அது வேலை செய்யும்போது வரும் நிறைவுக்காகத்தான் நம்மில் பலர் இந்தத் தொழிலுக்கு வந்தோம். இப்போது அந்த நேரத்தில் நாம் எழுதாத கோடை நாள் முழுக்கப் படிக்கிறோம். படிப்பது எழுதுவதைவிடக் கடினம், அதில் அந்த நிறைவும் இல்லை. வேலையின் தன்மையே மாறிவிட்டது, நம்மை யாரும் கேட்கவில்லை. ஏஐயைத் தொட மாட்டேன் என்கிற அந்த இரண்டு பேரைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள்.

"கம்பைலர் வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள்" என்று உங்கள் டீமில் யாராவது சொல்லியிருப்பார்கள். நாம் எழுதும் கோடை மெஷின் கோடாக மாற்றுவதுதான் கம்பைலர். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு 1957ல் ஃபோர்ட்ரான் மொழியையும் அதன் கம்பைலரையும் கொண்டுவந்தபோது, கையால் எழுதுவதற்கு ஈடாக ஒரு இயந்திரம் நல்ல மெஷின் கோட் எழுதுமா என்று புரோகிராமர்கள் சந்தேகப்பட்டது உண்மைதான். ஆனால் கம்பைலருக்கு ஒரே வரியைக் கொடுத்தால் எத்தனை தடவையும் ஒரே விடை வரும், அந்த வரியின் பொருள் மொழியின் விதியில் எழுதியிருக்கிறது. அதனால்தான் கம்பைலர் வெளியிடுவதை இன்று பெரும்பாலும் யாரும் திறந்து படிப்பதில்லை. ஏஐக்கு நாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்வதற்கு அப்படி ஒரே பொருள் கிடையாது. "தோல்வி அடைந்தால் மறுபடி முயற்சி செய்" என்ற வாக்கியத்தில் எண் லூப்புக்கு உள்ளேயா வெளியேயா என்பது இல்லவே இல்லை. யாரோ ஒருவர் அதை முடிவு செய்தாக வேண்டும்.

யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே கருவி எப்படி மாறுகிறது என்பதற்கு கர்ல் புராஜெக்டைப் பாருங்கள். இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும், உலகத்தில் கோடிக்கணக்கான சாதனங்களில் ஓடும் மென்பொருள். அதை உருவாக்கிப் பராமரிக்கும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க், ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்புப் புகார்கள் தன் குழுவின் நேரத்தைத் தின்கின்றன என்று பல தடவை மனம் நொந்து எழுதினார். இல்லாத ஃபங்ஷனில் இருக்கும் ஓட்டைகளைப் பற்றியெல்லாம் புகார் வந்தது. அதே ஸ்டென்பர்க்கிடம் 2025 இலையுதிர்காலத்தில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஏஐ கருவிகளால் சலித்து எடுத்த பட்டியல் வந்தது. அதை வைத்து ஐம்பது வாக்கில் உண்மையான பிழைகளைச் சரிசெய்தார்கள். அவர் மனம் திறந்து பாராட்டினார். அனுப்பும் முன் புரிந்து வடிகட்டியவர் ஒருவர் நடுவில் இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

வேலை போகுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பயம் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவை வைத்து வெளியிட்ட கட்டுரைப்படி, 22 முதல் 25 வயது வரையுள்ள மென்பொருள் டெவலப்பர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருக்கிறது. அனுபவம் கூடியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. இங்கே இந்தியாவில் 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தை, பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் குறைக்கப் போவதாக அறிவித்தது. காரணம் ஏஐ இல்லை, திறன் பொருந்தாததுதான் என்றது நிறுவனம். காரணம் எதுவாக இருந்தாலும், சென்னையில் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் அந்த வாரம் டீக்கடையில் நின்ற யாருக்கும் பேச்சு வேறு திசையில் போகவில்லை. ஆள் கணக்கு, மணிக் கணக்கு போட்டுப் பணம் வாங்கும் தொழில் நம்முடையது. ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்ய முடியும் என்று கிளையன்ட் நம்பிவிட்டாலே போதும், உண்மையில் முடிகிறதா என்பது அப்புறம்தான். அதிலும் முதலில் வெட்டுப்படுவது ஃப்ரெஷர் இடம். இன்றைக்கு ஃப்ரெஷரை எடுக்காவிட்டால் பத்து வருடம் கழித்து அந்த லூப் வரியைப் பார்த்து உறுத்தல்பட ஆள் இருக்க மாட்டார்கள். இதைப் பட்ஜெட் போடுகிறவர்களிடம் நான் முடிந்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, மேனேஜருக்கு என்ன பதில்? சதவீதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. கூகுளில் புதிதாக வரும் கோடில் கால் பங்குக்கு மேல் ஏஐ உருவாக்குகிறது என்று சுந்தர் பிச்சை 2024 அக்டோபரில் சொன்னார். பொறியாளர்கள் அதைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்று சேர்த்தேதான் சொன்னார், ஆனால் பவர்பாயிண்டில் முதல் பாதிதான் ஏறியது. மேனேஜர் கேட்கும் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். பக்கத்திலேயே கேட்காத இரண்டு எண்களையும் போடுங்கள். அந்த வாரம் புரொடக்ஷனுக்குப் போனதில் எத்தனை மாற்றங்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது என்பது ஒன்று. ஒவ்வொரு மாட்யூலையும் ஸ்கிரீனைப் பார்க்காமல் வெள்ளைப் பலகையில் வரைந்து விளக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. நாங்கள் இதை எட்டு மாதமாகச் செய்கிறோம். ரிவ்யூவுக்குப் போடும் முன் எழுதியவர் பத்து நிமிடம் பலகையில் விளக்க வேண்டும். ஏஐ எழுதியதா, கையால் எழுதியதா என்று யாரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் பேமெண்ட் மறுமுயற்சிப் பகுதிக்கு எங்கள் எண் ஒன்று, அது நான். இப்போது மூன்று. அதில் அந்தப் பெண்ணும் இருக்கிறாள். போன வாரம் வேறொருவர் கோடில், தாமதமாகப் பதில் சொல்லும் கேட்வேக்கு டெஸ்ட் எங்கே என்று அவள்தான் கேட்டாள்.